அம்மாவின் காளான் பாடம்

பாகான் செராய் பாசாரில் காய்கறி விற்கும் சீன அங்கிளுக்கு எங்கள் அம்மாவை முப்பது வருடமாகத் தெரியும். கத்தரிக்காய் என்றால் காம்பைப் பார்ப்பார், கீரை என்றால் கட்டைக் கவிழ்த்துப் பார்ப்பார், விலை மட்டும் குறைத்துக் கேட்கமாட்டார் என்பதுவரை தெரியும். அப்படிப்பட்ட மனிதர் போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வாயடைத்து நின்றுவிட்டார்.

அம்மா ஒரு பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, "இனி புனா ஷிமேஜி, பெராப்பா?" என்று கேட்டார்.

"அப்பா?" என்றார் அங்கிள். என்னது என்று அர்த்தம்.

அம்மா விடவில்லை. பக்கத்தில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, "இனி எனோக்கி. இனி எரிங்கி. யாங் ஹித்தாம் இனி ஷீத்தாக்கே" என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஒப்பித்தார். அங்கிள் என்னைப் பார்த்தார். உங்கள் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது அவர் கண்ணில் இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. அம்மா ஜப்பான் போகிறார், அவ்வளவுதான்.

என் தம்பி நாகானோ வட்டாரத்தில் மட்சுமோத்தோ என்ற ஊரில் பொறியாளராக இருக்கிறான். தோக்கியோவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம். சுற்றிலும் மலை, குளிர்காலத்தில் பனி. நம்மவர்கள் அதிகம் இல்லை, மளிகைக் கடை இல்லை, வாழை இலை இல்லை. அவன் மனைவிக்கு நவம்பர் கடைசியில் பிரசவம். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2013-லிருந்து விசா இல்லாமல் 90 நாள்வரை ஜப்பானில் தங்கலாம் என்பதால், பத்தியம் பார்க்க அம்மா போவது என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு வயது 63. அதற்குமுன் அவர் ஏறிய ஒரே விமானம் லங்காவிக்குப் போனது.

போவதற்கு அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "கடைக்கு நானே போவேன்."

இதைக் கேட்டதும் தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, பார்த்துக்கொள்ள அம்மா கோலாலம்பூர் வந்தார். பதினான்காவது மாடி. மின்தூக்கிக்கு அட்டை, வாசலுக்கு இன்னோர் அட்டை. கடைக்குப் போக வேண்டுமென்றால் எட்டுத் தட நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும். ஒன்பதாவது நாள் பையைக் கட்டிவிட்டார். "உனக்குச் சோறாக்கித்தான் வந்தேன். உப்பு தீர்ந்தாகூட உன்னைத்தான் எழுப்பணும்னா நான் எதுக்கு இங்க இருக்கேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

எனவே பாடம் தொடங்கியது. ஆசிரியை நான்தான். வானொலியில் பன்னிரண்டு வருடமாகப் பேசிச் சம்பாதிக்கிறேன், ஊடகத்துறையில் பட்டம் வாங்கியிருக்கிறேன், ஒருவருக்கு நாற்பது சொல் கற்றுத்தர முடியாதா என்ற மிதப்பு எனக்கு. ஜப்பானிய மொழிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். திறன்பேசியில் செயலி ஏற்றினேன். சனிக்கிழமை ரயிலேறி பாரிட் புந்தாரில் இறங்கி, அங்கிருந்து வீடு போய்ச் சேர்ந்ததும் முதல் பாடம்: "வத்தாஷி வா மாணவி. நான் ஒரு மாணவி."

அம்மா புத்தகத்தை மூடினார். "நான் மாணவியா? கடையில போய் இதைச் சொன்னா பால் குடுப்பாங்களா?"

அத்தோடு புத்தகம் அலமாரிக்குப் போயிற்று. பாடத்திட்டத்தை அம்மாவே போட்டார். கடைக்குள் நுழைந்தால் முதலில் எது கண்ணில் படும்? காசு கட்டும் இடத்தில் என்ன கேட்பார்கள்? இந்த இரண்டும் தெரிந்தால் போதும், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தம்பி தன் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய், அலமாரி அலமாரியாகப் படம் எடுத்துப் புலனத்தில் அனுப்பினான். வீட்டிலிருந்து அந்தக் கடை பத்து நிமிட நடை.

படங்களைப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அந்தக் கடையில் காளானுக்கென்றே ஒரு சுவர். நம்மூரில் கீரைக்கு இருக்கும் இடம் அங்கே காளானுக்கு. பிறகு விசாரித்தால், ஜப்பானில் எனோக்கியும் புனா ஷிமேஜியும் அதிகமாக விளைவது நாகானோவில்தானாம். இன்னொரு விஷயமும் உண்டு. என் தம்பி மனைவி பிறந்ததிலிருந்து சைவம். ஜப்பானில் சைவமாக இருப்பது லேசில்லை. சூப், குழம்பு, சட்னிபோல் தொட்டுக்கொள்வது என்று எதை எடுத்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும். காயவைத்த மீனைச் சீவி, கொதிநீரில் போட்டு எடுக்கும் 'தாஷி' என்ற சாறு அது. காய்ந்த ஷீத்தாக்கேயை ஊறவைத்த தண்ணீரும் கடற்பாசி ஊறிய தண்ணீரும்தான் அதற்குச் சைவ மாற்று. அந்தப் பெண் நான்கு வருடமாகக் காளானை நம்பித்தான் அங்கே காலம் தள்ளுகிறாள். ஆகவே முதல் பாடம் காளான்.

முதல் சொல் 'கினோக்கோ'. ஜப்பான் மொழியில் காளானுக்குப் பொதுப்பெயர். கி என்றால் மரம். நோ என்பது நம் 'உடைய' மாதிரி. கோ என்றால் பிள்ளை. மரத்தின் பிள்ளை. நான் இதைச் சொல்லி முடிக்கும்முன் அம்மா, "சரியாத்தானே சொல்றாங்க" என்றார்.

அம்மா தோட்டத்தில் பிறந்தவர். பாகான் செராயைச் சுற்றி இன்று நெல் வயலும் செம்பனையுமாகத் தெரிந்தாலும், உள்ளே போனால் ஒரு காலத்தில் கித்தா மரமாக இருந்த இடங்கள் உண்டு. விழுந்து கிடக்கும் பால் மரத்துக் கட்டையில் மழைக்குப் பின் விசிறிபோலச் சின்னச் சின்னதாகப் பூக்கும் ஒன்றை அம்மா கட்டைக் காளான் என்பார். மலாய்க்காரர்கள் குலாட் சிசிர், அதாவது சீப்புக் காளான் என்பார்கள். மென்றால் ரப்பரை மெல்வதுபோலவே இருக்கும். கரையான் புற்றில் குடை விரிப்பது புற்றுக் காளான். அது வந்த செய்தி லயத்துக்கு எட்டுவதற்குள் பாதி காலியாகிவிடுமாம். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் கட்டைக் காளான் போய்விட்டது. பழம் உதிர்த்த செம்பனைக் குலைகளைக் குவித்த இடத்தில் வேறு காளான் வந்தது. எந்த மரத்தில் எந்தக் காளான் என்பது அம்மாவுக்குப் படித்துத் தெரிந்ததல்ல.

ஜப்பானியக் காளான் பெயர்களிலோ பல மரத்தின் பெயர்கள். 'தாக்கே' என்றால் காளான். ஷீ என்ற மரத்துக் கட்டையில் வருவது ஷீத்தாக்கே. மட்சு என்றால் பைன், அதன் அடியில் வருவது மட்சுத்தாக்கே. அதை இன்றுவரை யாராலும் தோட்டம்போட்டு வளர்க்க முடியவில்லை, அதனால் விலை தங்கம். எனோக்கி என்பதே ஒரு மரத்தின் பெயர். புனா என்பது இன்னொரு மரம், அதனால் புனா ஷிமேஜி. நான் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்ய வைக்கப் பார்த்ததை, அம்மா மரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். "பேரு மறந்தா மரத்தை நினைச்சுக்குவேன்" என்றார். அந்த மரங்களை அவர் பார்த்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை.

"ஆனா எல்லாரும் ஏன் தாக்கே தாக்கேன்னு தாக்குறாங்க?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனோக்கி மட்டும் அவரைச் சங்கடப்படுத்தியது. நம் கடைகளில் வெள்ளை நூல்கற்றைபோல் வருமே, அதுதான். காட்டில் அது அப்படி இருக்காது. குட்டையாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். போத்தலில் மரத்தூளோ சோளச் சக்கையோ போட்டு, நெல் தவிடு கலந்து, குளிர்ந்த இருட்டறையில் வளர்ப்பதால் வெளுத்து நீண்டுபோகிறது. "இருட்டுல வச்சா யாரும் வெளுத்துத்தான் போவாங்க" என்றவர், தவிடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிரியான் மாவட்டத்துக்காரருக்குத் தவிடு தெரியாதா? 1906-இல் புக்கிட் மேரா ஏரியிலிருந்து கால்வாய் வெட்டியதிலிருந்து இங்கே நெல்தானே.

நம்மூரில் சிப்பிக் காளானைப் பிளாஸ்டிக் பையில் வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பைக்குள் இருப்பது பெரும்பாலும் கித்தா மரத்தூள். ஜப்பானில் சிப்பிக் காளானுக்கு ஹிராத்தாக்கே, தட்டைக் காளான் என்று பெயர். இதைச் சொன்னபோது அம்மா சற்று யோசித்துவிட்டு, "அப்ப நம்மூருதுக்குக் கித்தாத்தாக்கேன்னுதானே பேரு வரணும்?" என்றார். இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்கவும், எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சிப்பிக் காளான் குழம்பு இல்லை, கித்தாத்தாக்கே குழம்புதான்.

மரத்தில் சேராத பெயர்களும் உண்டு. மைத்தாக்கே என்றால் ஆடும் காளான். காட்டில் அதைக் கண்டவர்கள் மகிழ்ச்சியில் ஆடினார்களாம், அதனால் அந்தப் பெயர் என்று ஒரு கதை. நமேக்கோ வழவழப்பானது. "வெண்டைக்காய்க்குத் தங்கச்சி" என்று அம்மா எழுதிக்கொண்டார். எரிங்கி ஜப்பானியச் சொல்லே அல்ல, அறிவியல் பெயரிலிருந்து வந்தது. நம்மூர்ச் சீனச் சைவக் கடைகளில் தடிதடியாக வெட்டிப்போடுவார்களே, அதேதான். கறுப்பாக மெல்லிசாக இருக்கும் ஒன்றை மலாயில் குரங்குக் காது என்பார்கள். ஜப்பான் மொழியில் அது கிக்குராகே, மரத்து ஜெல்லிமீன். ஒரே பொருள், ஒருவருக்குக் காதாகத் தெரிகிறது, ஒருவருக்கு மீனாகத் தெரிகிறது.

நமக்கு மட்டும் பெயர் பஞ்சமா என்றால், இல்லை. காளானுக்கு ஆம்பி என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு. புறநானூற்றின் 164-ஆம் பாட்டில், குமணனைப் பார்க்க வரும் புலவர் பெருந்தலைச் சாத்தனார், சமைத்து நாளாகிப்போன தன் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைச் சொல்கிறார். வறுமையைச் சொல்ல அந்த ஒரு காளான் போதுமானதாக இருந்திருக்கிறது. இதை நான் அம்மாவிடம் சொன்னேன். "பாவம், அதைப் பறிச்சுச் சமைச்சிருக்கலாமே" என்றார்.

காளானைத் தாண்டி மற்ற அலமாரிகளுக்கு வந்தோம். இங்கேதான் வினை.

மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் மாட்டைக் குறிக்கும் எழுத்தைத் தம்பி வரைந்து அனுப்பினான். நெட்டாக ஒரு கோடு, குறுக்கே இரண்டு கோடு, இடப்பக்கம் மேலே சின்னதாகக் கொம்புபோல ஒரு கீற்று. 'கியூ'. இந்த எழுத்து இருந்தால் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டான். அம்மா அதை இறுகப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் பால் அலமாரியின் படத்தைக் காட்டி எதை எடுப்பீர்கள் என்று கேட்டால், அத்தனை டப்பாவையும் ஒதுக்குகிறார்! பார்த்தால், பாலுக்கு ஜப்பான் மொழியில் 'கியூன்யூ', மாட்டுப் பால். டப்பாவின் முகப்பிலேயே கொம்பு முளைத்த அந்த எழுத்து. தெரியாமல் போயிருந்தால் மூன்று மாதம் வீட்டில் பாலே வாங்கியிருக்கமாட்டார்.

பூண்டு இன்னும் மோசம். 'நிக்கு' என்றால் இறைச்சி என்று முதல் வாரமே படித்தாகிவிட்டது. பூண்டுக்கு என்ன சொல் தெரியுமா? 'நின்நிக்கு'. பத்தியத்துக்குப் பூண்டு இல்லாமல் முடியுமா? "இறைச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல, பூண்டுதான்" என்று நான் மூன்று முறை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறாக, 'அய்பிக்கி' என்று எழுதியிருக்கும் கொத்துக்கறி சாதுவாகத் தெரியும். அது மாடும் பன்றியும் கலந்தது. ஜப்பான் போகும் யாருக்காவது இந்த வரி உதவினால் சரி.

இலக்கணம் சொல்லித்தரக்கூடாது என்று அம்மாவின் கட்டளை. ஆனால் கையை நீட்டிக் காட்டி வாங்க நான்கு சொல் வேண்டுமே. கையில் இருப்பது கோரே, எதிரே நிற்பவர் பக்கம் இருப்பது சோரே, தூரத்தில் இருப்பது ஆரே, எது என்று கேட்க தோரே. இதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது: இது, உது, அது, எது. 'உது' நம் பேச்சில் செத்துப்போய்விட்டது, யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் மட்டும் கேட்கலாம். ஜப்பானில் அது தினம் கடைக்குப் போய் வருகிறது. 'கோரே ஓ குதாசாய்' என்பதை 'இதைக் கொடுங்க' என்று சொல் மாறாமல் அதே வரிசையில் வைக்கலாம். அந்த 'ஓ'தான் நம் இரண்டாம் வேற்றுமை ஐ. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு உண்டென்று பல காலம் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அறிஞர்கள் சண்டை எப்படியோ போகட்டும், அம்மாவுக்கு வாக்கியம் இடறவில்லை.

எண்ணுவதிலும் அப்படித்தான். நூறு 'ஹியாக்கு'. முன்னூறு 'சான்பியாக்கு', அறுநூறு 'ரொப்பியாக்கு', எண்ணூறு 'ஹப்பியாக்கு'. ஏன் ஒரே மாதிரி இல்லை என்று நான் அலுத்துக்கொண்டேன். "நம்ம மட்டும் மூணுநூறு, ஆறுநூறுன்னா சொல்றோம்?" என்று கேட்டு என் வாயை அடைத்தார்.

இந்த எண்கள்தான் வீட்டில் ஒரு கலக்கத்தையும் கொண்டுவந்தன. அதைச் சொல்லாமல் விட முடியாது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. பெரிய மாமா சாப்பிட வந்திருந்தார். அம்மாவுக்குப் பெரியப்பா மகன், எண்பதைத் தாண்டியவர். அடுப்படியில் அம்மா வெங்காயம் அரிந்தபடி, நான் பதிவுசெய்து கொடுத்த குரலோடு சேர்ந்து இச்சி, நி, சான் என்று எண்ணிக்கொண்டிருந்தார். மாமா சோற்றில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, பிசையவும் இல்லை. பிறகு எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கியது. 1945 ஆகஸ்டில் சரணடையும்வரை மலாயா அவர்கள் கையில். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, 1943-இல் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். நம்மில் பல குடும்பங்களில் அப்படிப் போய்த் திரும்பாத ஒரு பெயர் இருக்கும். எங்கள் குடும்பத்தில் அது மாமாவின் அப்பா. மாமா அப்போது கைக்குழந்தை. அவருடைய அம்மாவை, எங்கள் பெரிய பாட்டியை, எனக்கு லேசாக நினைவிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜப்பான் மொழியில் பத்துவரை எண்ணத் தெரியும். காலைப் பெரட்டில் வரிசையில் நிற்கவைத்து எண்ணச் சொல்வார்களாம், தப்பினால் அடியாம். அந்த எண்கள் அப்படி வந்தவை.

அம்மா வெளியே போகவில்லை. பதிவையும் நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். நான் நிறுத்துங்கள் என்று சைகை காட்டினேன். "பிள்ளை பொறக்கப் போற ஊரு" என்று மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான். அன்று எனக்கு அம்மாமீது கொஞ்சம் வருத்தம்கூட.

தேநீர் கொடுக்கப் போனபோது மாமா என்னிடம் கேட்டார்: "நாலுக்கு என்னமோ சொன்னாளே, யோன்னு. எங்கம்மா 'ஷி'ன்னுல்ல சொல்லும்?"

இரண்டும் உண்டு என்றேன். ஷி என்பது சாவைக் குறிக்கும் சொல்லைப்போலவே ஒலிப்பதால், பல இடங்களில் அதைத் தவிர்த்து யோன் என்பார்கள், விலை சொல்லும்போதும் யோன்தான் என்றேன்.

மாமா தேநீரை ஆற்றிக் குடித்தார். "அப்ப உங்கம்மா யோன்னே சொல்லட்டும்" என்றார்.

நவம்பர் வந்தது. கடைசிப் பாடம் காசு கட்டும் இடம். சாப்பாட்டு மேசையில் நான் கடைக்காரி, அம்மா வாடிக்கையாளர். 2020 ஜூலையிலிருந்து ஜப்பானில் பிளாஸ்டிக் பைக்குத் தனிக் காசு என்பதால், 'ஃபுக்குரோ' என்று ஏதாவது காதில் விழுந்தால் பை வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம். 'பாயின்தோ கார்தோ' என்றால் புள்ளி சேர்க்கும் அட்டை. இரண்டுக்கும் ஒரே பதில், 'தய்ஜோபு தெஸ்'. பரவாயில்லை என்று அர்த்தம். வேண்டாம் என்பதைப் பரவாயில்லை என்று சொல்லும் பழக்கம் நமக்கும் உண்டே, அம்மாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. பிடிக்காமல் போனது என் உச்சரிப்பு. "நீ நியூஸ் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்ற. கடைக்காரி இப்படியா கேப்பா?" பன்னிரண்டு வருட வானொலி அனுபவத்துக்குக் கிடைத்த மதிப்பெண் இது. பிறகு தம்பி மனைவியே மூச்சுவிடாமல் பேசி, பதிவுசெய்து அனுப்பினாள். அதைத்தான் அம்மா கேட்டுப் பழகினார். மொத்தம் நாற்பது சொல், ஒரு பள்ளிக்கூட நோட்டில், தமிழ் எழுத்தில், மஞ்சள் கறையோடு.

தம்பி ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தான்: மலையில் எதையும் பறிக்கக்கூடாது. தோட்டத்துக் கண் சும்மா இருக்காது என்று அவனுக்குத் தெரியும். ட்சுகியோத்தாக்கே என்று ஒரு காளான் அங்கே உண்டு, நிலாக் காளான். இருட்டில் மங்கலாக ஒளி விடும். பகலில் பார்க்க ஷீத்தாக்கே மாதிரி, ஹிராத்தாக்கே மாதிரி இருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களே அதைத் தின்று மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். முதல் பிரச்சினை மருத்துவமனையிலேயே வந்தது. பிள்ளை பெற்ற மறுநாள் மருமகளுக்குக் கொடுத்த சாப்பாட்டில் ஷிமேஜி போட்ட சூப். அம்மாவுக்குத் தாங்கவில்லை. காளான் காத்து, பச்சை உடம்புக்கு ஆகவே ஆகாது என்று தம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டார். மருமகள் பசியில் அதைக் குடித்தும் முடித்துவிட்டாள். பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டதாம். வீட்டுக்கு வந்ததும் பதினாறு நாள் காளான் கிடையாது. அதன்பின் ஷீத்தாக்கே மட்டும், பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு. இத்தனை பெயரைப் பாடம்பண்ணிப் போய், பதினாறு நாள் அந்தச் சுவரைச் சும்மா பார்த்துவிட்டு வந்தார் அம்மா. எனக்கு இதில் ஒரு அற்பச் சந்தோஷம்.

கடைக்கு முதல்முறை தனியாகப் போனது டிசம்பர் இரண்டாம் வாரம். தம்பி வேலையில், மருமகளும் குழந்தையும் தூக்கத்தில். போகும்முன் எனக்குக் குரல் அனுப்பினார்: "போறேன். கைப்பேசியைப் பக்கத்துல வச்சுக்க." நான் அப்போது நிலையத்தில் இருந்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவே என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது, நேயர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து அடுத்த குரல். மூச்சு வாங்கியது, குளிரில் நடந்ததால். பால் வாங்கியாயிற்று, கொம்பு எழுத்தைப் பார்த்து. நின்நிக்கு வாங்கியாயிற்று. 'ஹங்காக்கு' என்று பாதி விலைச் சீட்டு ஒட்டிய கீரை ஒரு கட்டு. காசு கட்டும் இடத்தில் அந்தப் பெண் பையைப் பற்றிக் கேட்டாள், அட்டையைப் பற்றிக் கேட்டாள், பிறகு மூன்றாவதாக ஏதோ கேட்டாள். அது நோட்டில் இல்லை. "மூணுக்கும் தய்ஜோபுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். மூன்றாவது என்ன கேள்வி என்று இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

போன வாரம் ஒரு படம் வந்தது. விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து வைத்து விற்கும் கடையாம், பொட்டலத்தில் வளர்த்தவர் பெயரெல்லாம் ஒட்டியிருக்கிறது. உள்ளே கிழவரின் தாடிபோல வெள்ளையாக, உருண்டையாக ஒன்று. இது என்ன என்று அம்மா கேட்டிருந்தார். நான் நோட்டின் நகலைப் புரட்டினேன், புத்தகத்தைத் தூசிதட்டிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. தெரியவில்லை என்று பதில் போட்டேன்.

சாயங்காலம் குரல் வந்தது. "அந்த அம்மாகிட்டயே கேட்டுட்டேன். கோரே வா நான் தெஸ் காண்ணு. யமாபுஷித்தாக்கே. மலையில தவம் பண்ற சாமியாருங்க இருக்காங்களாம், அவங்க உடுப்புல இப்படிப் பந்து பந்தாத் தொங்குமாம், அந்தப் பேரு. கையால காட்டிச் சொல்லுச்சு, பாதி புரிஞ்சுது, மீதியைத் தம்பி சொன்னான். முன்னூத்தித் தொண்ணூறு யென். தம்பிக்கு மிளகு போட்டுப் பெரட்டிக் குடுத்தேன், கோழி மாதிரி இருக்குன்னான். நீ நோட்டுல எழுதிக்க. சரியா எழுது, யமா-புஷி-தாக்கே. பிள்ளை அழுவுது, வைக்கிறேன்."